அக்கரைக் காவலும் அங்கொடையும்

நுரைச்சோலைக் கரையிலிருந்து மன்னார்க் குடாவைக் கடந்தால் தமிழகக் கரை. அங்கிருந்து வாந்திபேதியும் பெரியம்மையும் ஆட்களோடு கப்பலேறி வந்த காலம் ஒன்றுண்டு. ஆகவே இலங்கை அரசாங்கம், இந்திய மண்ணிலேயே, மண்டபத்தில் ஒரு முகாம் நடத்திற்று. தோட்டங்களுக்குப் புறப்பட்ட தொழிலாளர் அங்கே சில நாள் மறிக்கப்பட்டு, அம்மைப்பால் வைக்கப்பட்ட பின்னரே தலைமன்னாருக்குக் கடல் கடந்தனர். தீவின் காவலுக்கு அந்த ஏழைகளே விலை கொடுத்தனர் என்பதை மறைத்தல் தகாது.

அங்கொடைத் தொற்றுநோய் மருத்துவமனையின் வழி வேறு. வழியை மறிப்பதன்று, நோயாளிக்குத் தனியிடமும் பயின்ற தாதியரும் முன்கூட்டியே வைத்திருப்பது அதன் பணி. நோயில்லாத நாளில் அது வீண்செலவாகத் தோன்றும். 2020 ஜனவரி 27இல் இலங்கையின் முதற் கொரோனா நோயாளி உறுதிசெய்யப்பட்டபோது, அவரை எங்கே வைப்பதென்ற திகைப்பு எழவில்லை. சீனாவிலிருந்து வந்த அப்பெண்மணி பெப்ரவரி 19இல் நலமுற்று வெளியேறினார். அடுத்த நோயாளி மார்ச் மாதத்திலேதான் காணப்பட்டார்.