‘பாவனையில் இல்லை’ என்றது ஒரு குரல்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை தாக்கியதற்கு மறுநாள், ரொறன்ரோவிலுள்ள என் உறவினர் ஒருவர் கொழும்பிலிருக்கும் என் வீட்டுக்குப் பலமுறை அழைத்திருக்கிறார். மலிவு விலை அழைப்பு அட்டையொன்றின் வழியே சென்ற அந்த அழைப்புகளுக்கெல்லாம், இவ்விலக்கம் பாவனையில் இல்லை என்ற பதிவுக் குரலே பதிலாகக் கிடைத்தது. என் தொலைபேசியோ பழுதின்றி மேசைமீது இருந்தது. அவர் வீட்டில் இரண்டு நாட்கள் எவரும் சரியாக உண்ணவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

பழைய ட்ரங்க் கோல் காலத்தில், இணைப்புக் கிடைக்காவிட்டால் காரணத்தை ஒப்பரேற்றரே சொல்லிவிடுவார். லைன் நெருக்கடியா, மறுமுனையில் ஆளில்லையா என்பது தெரிந்துவிடும். இரண்டு எக்ஸ்சேஞ்சுகளை இணைக்கும் பெருவழியே ட்ரங்க். இணையத் தொலைபேசியில் அது தனிக் கம்பியன்று. இரு கணினி அமைப்புகள் தமக்குள் செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு. அவ்விரண்டும் வெவ்வேறு சமிக்ஞை நெறிமுறைகளைப் பின்பற்றினால், இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார்.

இந்த இருமொழி நிலை 1996ஆம் ஆண்டில் தொடங்கியது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் அவ்வாண்டு எச்.323 என்ற நெறிமுறையை அங்கீகரித்தது. அது தொலைபேசிப் பொறியியலாளர்களின் படைப்பு. ஐ.எஸ்.டி.என். தொலைபேசியின் சமிக்ஞை முறையைத் தழுவி, மனிதர் வாசிக்கவியலாத இரும எண்களில் பேசுவது. இணையத்தை வளர்த்தவர்கள் வேறு வழியை நாடினர். மார்க் ஹான்ட்லி, ஹென்னிங் ஷுல்ஸ்ரின் முதலியோர் உருவாக்கிய எஸ்.ஐ.பி., 1999 மார்ச்சில் வெளியாயிற்று. வலைப்பக்கங்களைக் கோரும் முறையைப்போல், வாசிக்கத்தக்க எழுத்துகளாலேயே அது பேசியது. 2000ஆம் ஆண்டில் கைத்தொலைபேசி வலையமைப்புகளுக்கான 3ஜிபிபி அமைப்பும் எஸ்.ஐ.பி.யைத் தெரிவுசெய்தது.

எனினும், எச்.323 கருவிகளைப் பெருஞ்செலவில் வாங்கியிருந்தவர்கள் அவற்றை எறிந்துவிட முடியவில்லை. எனவே நடுவில் கேட்வே அமர்ந்தது. ஒரு பக்கத்தின் ‘செற்றப்’ மறுபக்கத்தில் ‘இன்வைட்’ ஆயிற்று. ‘அலேர்ற்றிங்’ என்பது 180 ஆகவும், ‘கனெக்ற்’ என்பது 200 ஆகவும் மாறின. குரலைச் சுமந்து செல்லும் ஆர்.ரி.பி. இரண்டுக்கும் பொதுவானது என்பதால் பேச்சில் பெரும் பேதமில்லை. அழைக்கும் ஆசாரத்திலேயே பேதம். குரலை எந்தக் கோடெக்கில் அனுப்புவது என்பதை எஸ்.ஐ.பி. பெரும்பாலும் முதல் செய்தியிலேயே சொல்லிவிடும், எச்.323 அதைத் தனி வழியில் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளும். இத்தாமதத்தைக் குறைக்கவே 1998இல் ‘பாஸ்ற் கனெக்ற்’ சேர்க்கப்பட்டது. ஒரு முனை நொடிக்கு 64 கிலோபிற் வேண்டும் ஜி.711ஐயும், மறுமுனை 8 கிலோபிற் வேண்டும் ஜி.729ஐயும் மட்டுமே ஏற்குமெனில், நடுவில் குரலையும் உருமாற்றவேண்டும். இன்றேல் அழைப்பு அறுந்துபோகும்.

இவற்றைவிட நுட்பமானது, அழைப்புத் தோல்வியுற்ற காரணத்தை மொழிபெயர்ப்பது. தொலைபேசி உலகில் காரணங்களுக்கு எண்களுண்டு. 1 என்றால் அப்படியோர் இலக்கமே இல்லை. 17 என்றால் மறுமுனையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 34 என்றால் செல்ல வழியில்லை. 2002 டிசம்பரில் வெளியான ஆர்.எப்.சி. 3398, வழமையான தொலைபேசி வலையமைப்புக்கும் எஸ்.ஐ.பி.க்கும் இடையே இவற்றை முறையே 404, 486, 503 என வகுத்தது. எச்.323க்கும் எஸ்.ஐ.பி.க்கும் இடையிலான மொழிபெயர்ப்பு எவ்வாறிருக்கவேண்டும் என்ற தேவைகளை ஆர்.எப்.சி. 4123 விபரித்தது. அது வெளியானது 2005 ஜூலையில், அதாவது எச்.323 பிறந்து ஒன்பது ஆண்டுகளின் பின்.

இத்துறையறிந்த நண்பர் ஒருவரிடம் என் உறவினரின் கதையைக் கூறினேன். அத்தகைய அழைப்பு பல வலையமைப்புகளின் கைமாறியே வரும் என்றும், அவற்றுள் ஏதோவொரு ட்ரங்கை அமைத்தவர் 34ஐ 404 ஆக்கியிருந்தாலே போதும் என்றும் அவர் சொன்னார். உண்மையில் நடந்தது அதுதானா என்பதை இனி எவராலும் நிறுவமுடியாது.

இன்று தொலைபேசி ட்ரங்குகளில் எஸ்.ஐ.பி.யே கோலோச்சுகிறது. ஆனால் அது பழைய வலையமைப்புகளைச் சந்திக்கும் எல்லைகளில் அந்தக் காரண அட்டவணை இன்னும் தேவைப்படுகிறது. அதை நிரப்பும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே: வழி இல்லை என்பதும் ஆள் இல்லை என்பதும் காத்திருப்பவருக்கு ஒன்றல்ல.