துருவப் பனியில் ஈயத்தின் தடம்: ஓர் ஆய்வுமுறை வளர்ந்த வரலாறு

முன்னுரை

பாலைவனத் தூசு, கடலுப்பு, எரிமலைக் கந்தகம், புகைக்கரி, உலோகத் துகள் எனக் காற்றில் மிதப்பவற்றுள் ஒரு பகுதி துருவங்கள் வரை சென்று சேர்கிறது. சில துகள்களைக் கருவாகக் கொண்டே பனிப்படிகம் உருவாகிறது. சில விழும் பனியோடு ஒட்டி இறங்குகின்றன. சில தாமே படிகின்றன. கோடையிலும் உருகாத இடங்களில் பனி ஆண்டுதோறும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகுவதால், அந்தந்த ஆண்டின் துகள்கள் அந்தந்த அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. இப்பதிவைப் படிக்கும் முறை வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஈயத்தின் வழியே ஆராய்கிறது. கருவிகளின் கூர்மை மட்டுமே இத்துறையை வளர்த்துவிடவில்லை. பனியில் இருக்கும் மாசையும், ஆய்வாளர் தம்முடன் கொண்டுவரும் மாசையும் பிரித்தறியும் கண்டிப்பே அதன் அடித்தளம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

கண்ணால் கண்ட தூசு

1870இல் கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் பயணம் செய்த நோர்டென்ஷெல்ட், பனிக்குழிகளில் கரும்பொடி படிந்திருப்பதைக் கண்டார். அதில் விண்ணிலிருந்து விழுந்த தூசும் கலந்திருப்பதாகக் கருதினார். கனிமத் தூசு, புகைக்கரி, நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் கலவை அது என்பதை இன்று அறிவோம். ஆழத்துப் பனியை எடுக்கும் வழி பின்னரே பிறந்தது. 1966இல் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரியில் அமெரிக்கப் பொறியாளர்கள் சுமார் 1,387 மீட்டர் துளைத்து, முதன்முறையாகப் பனிப்படலத்தின் அடித்தரையைத் தொட்டனர்.

பேட்டர்சனின் கண்டிப்பு

விண்கற்களின் ஈய ஐசோடோப்புகளை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என 1956இல் நிறுவியவர் கிளேர் பேட்டர்சன். அப்பணியின்போது காற்று, நீர், கண்ணாடிக் கலம், மனிதத் தோல் என எங்கும் ஈயம் ஒட்டியிருந்து அளவீட்டைக் கெடுத்தது. எனவே அவர் மாசற்ற ஆய்வகம் ஒன்றை அமைத்தார். அதே கண்டிப்பைப் பின்னர் துருவப் பனிக்கும் கொண்டுசென்றார்.

முரோசுமி, சௌ ஆகியோருடன் 1969இல் அவர் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் திருப்புமுனை. கிரீன்லாந்தில் கி.மு. 800ஐச் சேர்ந்த ஒரு கிலோ பனியில் ஈயம் 0.001 மைக்ரோகிராமுக்கும் குறைவு. 1960களின் பனியில் அது 0.2 மைக்ரோகிராமைத் தாண்டியது. மிகச் செங்குத்தான ஏற்றம் 1940க்குப் பிறகு, ஈயம் கலந்த பெட்ரோல் பரவிய காலத்தில் நிகழ்ந்தது. அண்டார்க்டிகாவில் உயர்வு இதைவிடக் குறைவே.

துளையிட்டு எடுக்கும் பனி உருளையின் வெளிப்புறம் மாசுபடுமே என்ற கேள்வி எஞ்சியது. இங், பேட்டர்சன் இருவரும் 1981இல் அதற்கு விடை தந்தனர். பனி உருளையை வெளியிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாகச் செதுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் தனியே அளந்தனர். உள்ளே செல்லச் செல்ல அளவு குறைந்து ஒரு நிலையில் மாறாது நின்றால், அதுவே பனியின் உண்மை அளவு. குறைந்துகொண்டே போனால் அம்மதிப்பை ஏற்கலாகாது.

பின்வந்த அறுவடை

இம்முறையில் தேர்ந்த குளோட் பூட்ரோன் குழுவினர், 1960களின் பிற்பகுதியிலிருந்து இருபது ஆண்டுகளில் கிரீன்லாந்துப் பனியின் ஈயம் சுமார் 7.5 மடங்கு குறைந்ததை 1991இல் காட்டினர். பெட்ரோலில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியதன் பயன் தொலைதூரப் பனியிலும் தெரிந்தது. கிரேக்க, ரோமானியக் காலத்திலேயே ஈயம் இயற்கை அளவைப்போல் சுமார் நான்கு மடங்காக இருந்ததை 1994 ஆய்வு வெளிக்கொணர்ந்தது. அதில் பெரும்பங்கு ஸ்பெயினின் ரியோ டின்டோ சுரங்கப் பகுதியிலிருந்து வந்ததை 1997இல் ஐசோடோப் விகிதங்கள் அடையாளம் காட்டின. 2018இல் ஜோசப் மெக்கானல் குழுவினர், உருளையின் தூய உட்பகுதியை மட்டும் தொடர்ச்சியாக உருக்கி அளந்து, கி.மு. 1100 முதல் கி.பி. 800 வரையிலான ஏற்றத்தாழ்வுகளை விரிவாக வரைந்தனர்.

முடிவுரை

பழைய பனியில் ஈயம் மிகக் குறைவு என்று நிறுவப்படாதிருந்தால், இருபதாம் நூற்றாண்டின் ஈயத்தை இயற்கையானது என்றே வாதிட்டிருக்க இயலும். அந்த வாதத்துக்கு இடமில்லாமல் செய்தது சுத்தத்தில் காட்டிய பிடிவாதம். ஈயத்தைத் தாண்டியும் இப்பிடிவாதம் தேவைப்படுகிறது. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அண்டார்க்டிகாவின் ராஸ் தீவுப் பகுதியில் 19 இடங்களில் எடுத்த புதுப்பனி அனைத்திலும் நுண்நெகிழித் துகள்கள் இருப்பதைக் காட்டியது. மாதிரி எடுப்பவரின் உடையிலிருந்தே இழைகள் உதிரக்கூடும் என்பதால், பழைய சிக்கல் புதிய வடிவில் திரும்பியுள்ளது. ஈய ஆய்வில் உருவான நெறியை இங்கும் தளர்வின்றிப் பின்பற்ற வேண்டும். அளவீட்டின் மீது ஐயம் எஞ்சியிருக்கும்வரை, மாசைத் தடுக்கும் சட்டத்துக்கு அது சான்றாக நிற்க முடியாது.