ஒரு ரவுட்டரும் நாற்பது விருந்தாளிகளும்

வீட்டில் இணையத்தோடு பேசும் பொருட்கள் எத்தனை என்று கேட்டால் பெரும்பாலானோர் தவறாகத்தான் சொல்வார்கள். போன், லேப்டாப், டிவி என்று மூன்று விரல்களை மடக்கிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். வாசல் கேமரா, ஹாலில் நிறம் மாறும் பல்புகள், போனிலிருந்தே போட்டு அணைக்கிற கீசர் பிளக், பேசினால் பாட்டுப் போடும் ஸ்பீக்கர், ஏசி, தண்ணீர் சுத்திகரிப்பான் இதெல்லாம் கணக்கில் வராது. ஆனால் மூலையில் விளக்குகள் மினுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன ரவுட்டருக்கு எல்லாமே கணக்குத்தான்.

ஒரு நாள் புதிதாக ஒரு பிளக் சேர்ப்பார்கள். பழைய பல்பு ஒன்று இணைப்பிலிருந்து விழுந்துவிடும். "ஸ்பீடு பத்தலை, பெரிய பிளானுக்கு மாறிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். பிளான் மாறும், மாதச் செலவு கூடும், பல்பு மறுபடியும் விழும். ஏன் இப்படி? இதற்குப் பதில் தேட ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டும். அதுவும் பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஹவாய் தீவுகளுக்கு!

1960களின் இறுதியில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஓவாஹு தீவில் இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டியவர்களோ பல தீவுகளில் சிதறிக் கிடந்தார்கள். தொலைபேசிக் கம்பி வழியாக இணைக்கலாம் என்றால் செலவு அதிகம், தரமும் சுமார். அங்கே பேராசிரியராக இருந்தவர் நார்மன் ஆப்ரம்சன். (கடல் அலைகளில் சறுக்கி விளையாடும் ஆசையே அவரை ஹவாய்க்கு இழுத்து வந்தது என்பார்கள்.) அவரும் அவரது குழுவினரும் கம்பியை விட்டுவிட்டு ரேடியோவைப் பிடித்தார்கள். 1971 ஜூனில் அலோஹாநெட் இயங்கத் தொடங்கியது.

இதில் புதுமை ரேடியோ அல்ல. ரேடியோ அதற்கு முன்பே பழைய சமாச்சாரம். எல்லோரும் ஒரே அலைவரிசையில் பேசலாம், யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று விட்டதுதான் புதுமை. செய்தி இருந்தால் உடனே அனுப்ப வேண்டியது. போய்ச் சேர்ந்தால் மையத்திலிருந்து "கிடைத்தது" என்று பதில் வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பிவிட்டால் இரண்டுமே கெட்டுப்போகும், பதில் வராது. அப்போது ஆளுக்கு ஒரு அளவு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரரை நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடுவதைப் போலத்தான். யார் கூப்பிட்டது என்று அவருக்குத் தெரியாமல் போகும். கொஞ்சம் பொறுத்து ஒருவர் மட்டும் கூப்பிட்டால் வருவார்.

இப்படிப்பட்ட ஏற்பாடு எத்தனை பேரைத் தாங்கும்? ஆப்ரம்சன் 1970ல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலேயே இதற்கு ஒரு எண் சொன்னார்: 324. ஒவ்வொருவரும் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு செய்தி, ஒரு செய்திக்கு 34 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. வானில் இருக்கும் மொத்த நேரத்தில் சுமார் 18 சதவீதம் மட்டுமே உருப்படியாகப் பயன்படும் என்பதும் அதிலிருந்தே வருகிறது. அதைத் தாண்டினால் மோதல், மோதியவை மறுபடி வந்து இன்னும் மோதல், கடைசியில் பேச்சே இல்லாமல் வெறும் கூச்சல்.

இந்த 324 என்ற எண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் நிமிடத்துக்கு இரண்டு செய்தி அனுப்பினால் அது 162 ஆகிவிடும். ஒவ்வொரு செய்தியும் இரு மடங்கு நேரம் எடுத்தால் 81! ஆக, எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பதில் ஆட்களின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. ஒவ்வொருவரும் எத்தனை தடவை, எவ்வளவு நேரம் வானத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. "இந்த ரவுட்டர் எத்தனை சாதனங்களைத் தாங்கும்?" என்று இன்று கடையில் கேட்பவர்களுக்கும் நேர்மையான பதில் இதுதான். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் எண் விளம்பரம்.

அலோஹாநெட்டிலிருந்து வீட்டு வை-ஃபைக்கு வரும் பாதையில் சில முக்கியமான நிறுத்தங்கள் உண்டு. 1985ல் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையம் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்த வழி திறந்தது. அதில் ஒன்று 2.4 ஜிகாஹெர்ட்ஸ். மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் அதே இடம்! வேறு யாருக்கும் வேண்டாத குப்பை அலைவரிசை என்பதால்தான் தாராளமாகக் கொடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் என்.சி.ஆர். நிறுவனப் பொறியாளர்கள் கடைகளில் இருக்கும் பில் போடும் இயந்திரங்களைக் கம்பியில்லாமல் இணைக்க இதைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ் தலைமையில் பல ஆண்டுகள் கூட்டம் போட்டு, 1997ல் 802.11 என்ற தரம் வெளிவந்தது. 1999ல் நொடிக்கு 11 மெகாபிட் வேகம் தரும் 802.11பி வந்தது. அதே ஆண்டு ஆப்பிளின் ஏர்போர்ட்டை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், கம்பி எதுவும் இல்லை என்று காட்ட லேப்டாப்பை ஒரு வளையத்துக்குள் நுழைத்துக் காட்டினார். இந்தியாவில் இந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்ற விதி 2005ல் வந்தது.

வை-ஃபை அலோஹாவை விடக் கொஞ்சம் நாகரிகமானது. வாயைத் திறக்குமுன் காது கொடுத்துக் கேட்கும். வேறு யாராவது பேசினால் காத்திருக்கும். ஆனால் அடிப்படை அதேதான். ஒரே வானம், ஒரு நேரத்தில் ஒருவர். இதில் ஒரு விபரீதம் இருப்பதை 2003ல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் நால்வர் காட்டினார்கள். வை-ஃபை எல்லோருக்கும் பேசும் வாய்ப்பைச் சமமாகக் கொடுக்கிறது, ஆனால் நேரத்தைச் சமமாகக் கொடுப்பதில்லை! 1,500 பைட் உள்ள ஒரு பொட்டலத்தை 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப கால் மில்லி செகண்ட் கூட ஆகாது. சுவர்களுக்கு அப்பால் மாடியில் இருக்கும் ஒரு சாதனம் சிக்னல் பலவீனத்தால் 1 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டால் அதே பொட்டலத்துக்கு 12 மில்லி செகண்ட். அதுவரை மற்ற எல்லோரும் கை கட்டி நிற்க வேண்டியதுதான். மெதுவாகப் பேசும் ஒருவரால் எல்லோருடைய வேகமும் கீழே வந்துவிடுகிறது. வீட்டுக்கு வரும் கேபிளில் 300 மெகாபிட் வந்தால் என்ன, 1,000 வந்தால் என்ன?

காற்றில் இருக்கும் நெருக்கடி இது. முகவரியில் இருக்கும் நெருக்கடி இன்னொரு கதை. இணையத்தின் பழைய ஐ.பி. முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. உலகத்துக்கே இது போதாது என்று 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1994 மே மாதம் எகெவாங், பிரான்சிஸ் என்ற இருவர் ஒரு குறுக்கு வழியை எழுதி வைத்தார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தனியாக உள்ளூர் முகவரி, வெளியே போகும்போது வாசலில் வேறு முகவரியாக மாற்றிக்கொள்வது. நிரந்தரத் தீர்வு வரும் வரை தற்காலிகமாக என்றுதான் அவர்களே சொன்னார்கள். (தற்காலிகம் என்று போட்ட பந்தல்தான் நம் ஊரிலும் அதிக நாள் நிற்கும்.) பின்னால் ஒரே வெளி முகவரியை வீடு முழுக்கப் பகிர்ந்துகொள்வது இதிலிருந்தே வழக்கமானது. 192.168 என்று தொடங்கும் முகவரிகளைப் பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் பார்க்கலாம். அவற்றை உள்ளூருக்கென்றே ஒதுக்கியது 1994ல்.

இதனால் குடும்பங்களுக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. அந்தக் காலத்தில் இணைப்பு தரும் நிறுவனங்கள் பல, ஒரு இணைப்புக்கு ஒரு கணினி என்று எண்ணின. இரண்டாவது கணினிக்குத் தனிக் காசு. கணினியின் வன்பொருள் முகவரியைப் பதிவு செய்துகொண்டு அதை மட்டுமே அனுமதித்தவர்களும் உண்டு. ரவுட்டர் செய்தவர்கள் விடுவார்களா? அந்த முகவரியை நகல் எடுத்துத் தன் முகத்தில் ஒட்டிக்கொள்ளும் வசதியை ரவுட்டரிலேயே வைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கணினி. உள்ளே எத்தனை என்பது வீட்டுக்காரர் விருப்பம்.

ஆனால் வாசல்காரர் யார் எங்கே போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால்தானே திரும்பி வரும் பதிலைச் சரியான ஆளிடம் கொடுக்க முடியும்? அந்த நோட்டு ரவுட்டரின் நினைவகம். 2002 டிசம்பரில் வந்து உலகமெங்கும் விற்ற லிங்க்ஸிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி பெட்டியின் ஆரம்பகால மாடல்களில் நினைவகம் 16 மெகாபைட். 2005ல் வந்த ஐந்தாம் பதிப்பில் செலவைக் குறைக்க அதையும் பாதியாக்கி 8 ஆக்கினார்கள். உள்ளூர் முகவரியும் அதில் தாராளமில்லை. 254 வரை கொடுக்க இடம் இருந்தும், தொழிற்சாலையிலிருந்து வரும்போது 100ல் தொடங்கி 50 பேருக்கு மட்டுமே கொடுக்கும்படி வைத்திருந்தார்கள். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர் உள்ள வீட்டுக்கு ஐம்பது என்பது அன்று ஊதாரித்தனம்!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வீட்டு விளக்குகளைத் தொலைவிலிருந்து இயக்கும் யோசனை வை-ஃபையை விடப் பழையது. ஸ்காட்லாந்தின் கிளென்ராதஸ் ஊரில் பைகோ எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம் 1975ல் எக்ஸ்-10 என்ற முறையை உருவாக்கியது. 16 எழுத்து, 16 எண், ஆக 256 முகவரிகள். செய்தி போனது வீட்டு மின்கம்பி வழியாகவே. ரவுட்டர் என்ற சொல்லே வீடுகளுக்குள் வராத காலம் அது. 2012ல் வந்த பிலிப்ஸ் ஹியூ பல்புகளும் ரவுட்டரைத் தொந்தரவு செய்யவில்லை. அவை தங்களுக்குள் ஜிக்பீ என்ற தனி ரேடியோவில் பேசிக்கொண்டன. நடுவில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் ரவுட்டரில் கம்பியால் செருகிக்கொண்டது. ஐம்பது பல்பு இருந்தாலும் ரவுட்டரின் நோட்டில் ஒரே பெயர்.

கெடுத்தது மலிவு. 2014ல் ஷாங்காயின் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இ.எஸ்.பி.8266 என்ற சில்லு பரவியது. சில டாலர்களுக்குள் முழு வை-ஃபை! நடுப்பெட்டி எதற்கு, ஒவ்வொரு பல்பும் நேராக ரவுட்டரிடமே பேசட்டும் என்று எல்லோரும் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் அந்தச் சில்லுக்கு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் காலியாகக் கிடந்தாலும் பல்புகள் எல்லாம் பக்கத்து வீட்டு வை-ஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் இருக்கும் அந்தப் பழைய சந்தில்தான் முண்டியடிக்க வேண்டும்.

வாசல்காரரின் நோட்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உள்ளே நேராக வர முடியாது என்பதால், பல்பும் பிளக்கும் தயாரித்த நிறுவனத்தின் சர்வருக்குத் தாமே ஒரு தொடர்பைத் திறந்து நாள் முழுக்க அணையாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரே அறையில் நின்று போனில் அழுத்தினாலும் கட்டளை கடல் கடந்து போய்த் திரும்பி வருவது பல சாதனங்களில் சகஜம். அந்த சர்வர் நின்றுவிட்டால்? 300 டாலருக்கு விற்ற ரெவோல்வ் என்ற வீட்டு மையப்பெட்டியை, அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் சர்வரோடு நிறுத்தியது. காசு கொடுத்தவர்களின் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா மிஞ்சியது. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று மிராய் என்ற நச்சுநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து டின் என்ற நிறுவனத்தின் மேல் ஏவியது. அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறின. மிராய் முயன்று பார்த்த கடவுச்சொற்களின் பட்டியல் அறுபது சொச்சம்தான்!

இப்போது வழி இரண்டு பக்கமும் திறக்கிறது. 2022ல் வெளிவந்த மேட்டர் என்ற தரமும், அது பயன்படுத்தும் ரேடியோக்களில் ஒன்றான த்ரெட்டும், கட்டளைகள் வீட்டுக்குள்ளேயே போய்வர வழி செய்கின்றன. த்ரெட் பல்புகள் ஹியூவைப் போல வை-ஃபையை விட்டு விலகித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். இன்னொரு பக்கம் வை-ஃபை 6. இதில் ரவுட்டரே வாத்தியாரைப் போலப் பெயர் கூப்பிட்டு, யார் எப்போது எந்தப் பகுதியில் பேசலாம் என்று பங்கு பிரித்துக் கொடுக்க முடியும். சின்னச் செய்திக்காரர்கள் பலர் ஒரே நேரத்தில் பேசலாம். ஆப்ரம்சன் எல்லோரையும் இஷ்டம்போல் பேச விட்டு ஐம்பது ஆண்டுகள் கழித்து வருகைப்பதிவேடு வந்திருக்கிறது. அவர் 2020 டிசம்பரில் காலமானார்.

புது ரவுட்டர் பெயர் கூப்பிடும். ஆனால் 2017ல் வாங்கிக் கூரையில் மாட்டிய பல்புக்கு அந்தக் கூப்பாடு புரியாது. அது பழைய முறைப்படி காது கொடுத்துக் கேட்டு, காத்திருந்து, இடையில் புகுந்து பேசிக்கொண்டேதான் இருக்கும். எல்.இ.டி. பல்பு பத்து வருடத்துக்கு மேல் உழைக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறார்கள்.