34-ம் நம்பர் காரை எந்த நாளுக்குத் திருப்புவது?

இந்த எபிசோடை எங்க வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்ப, தார்ப்பாய்க்கு அடியில கிடந்த அப்பாவோட டிவிஎஸ் 50-ஐ வெளியே எடுத்தேன். அப்பா போய் மூணு வருஷம் ஆச்சு. வண்டியை ரெடி பண்ணி, அவர் நினைவா ஓட்டணும்னு ஆசை. மெக்கானிக் அண்ணன் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "டேங்க்ல ஒடுக்கு எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிச்சிட்டா ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி ஆயிடும் தம்பி"ன்னார். நான் சரின்னு சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்துல நின்ன அம்மா, "அந்த ஒடுக்கு நீ பொறந்த அன்னிக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு வர்ற அவசரத்துல உங்கப்பா கீழ விழுந்துட்டார்"ன்னாங்க. வேலை அதோட நின்னுபோச்சு.

ஒரு வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரணும்னு சொல்றோம். எந்த நாளோட பழைய நிலை? ஷோரூமை விட்டு வந்த நாளா, நம்ம ஆள் ஓட்டின நாளா? இந்தக் கேள்வியோட ரொம்பப் பெரிய வடிவம் அமெரிக்காவுல, வர்ஜீனியா மாநிலத்து டான்வில் ஊர்ல ஒரு குடும்பத்துக்கு இருந்தது. அதைத்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

முதல்ல 'ஸ்டாக் கார்'னா என்னன்னு பார்த்துடலாம். ஆரம்ப காலத்துல, கடையில யார் வேணும்னாலும் வாங்கக்கூடிய சாதாரணக் கார்தான் ஸ்டாக் காரா இருந்தது. அப்ப அது ஃபார்முலா ஒன் மாதிரி ரேஸுக்குன்னே பிறந்த காரா இருக்கலை. இந்த விளையாட்டுக்குள்ள கள்ளச்சாராயம் கடத்தினவங்களோட கைவேலை நிறைய இருக்கு. அமெரிக்காவின் தென்பகுதி மலைகள்ல காய்ச்சின சரக்கை ராத்திரியோட ராத்திரியா நகரத்துக்குக் கொண்டுபோகணும். வெளியே பார்த்தா குடும்பக் கார், ஆனா போலீஸ் துரத்தினா பறக்கணும். அதனால எஞ்சினை ஏத்தினாங்க, பின்பக்கம் சரக்கு கனத்துல தாழாம இருக்க ஸ்பிரிங்கை மாத்தினாங்க. அப்புறம் யார் கார் வேகம்னு ஞாயித்துக்கிழமைகள்ல மைதானத்துல மோதிக்கிட்டாங்க.

இதுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு கொண்டுவர 1948-ல் நாஸ்கார் அமைப்பு உருவானது. பெரிய பிரிவோட முதல் பந்தயம் 1949 ஜூன் 19, சார்லட் நகரம். க்ளென் டன்அவே என்பவர் 1947 ஃபோர்டு காரில் முதலில் வந்தார். பந்தயம் முடிஞ்சதும் காரைக் கழட்டிப் பார்த்தாங்க. பின்பக்க ஸ்பிரிங் கடத்தல்காரர் பாணியில மாத்தப்பட்டிருந்தது. அது சாதாரணக் கார் இல்லைன்னு சொல்லி வெற்றியைப் பறிச்சு, லிங்கன் கார் ஓட்டின ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தாங்க. ஃபோர்டோட உரிமையாளர் வழக்குப் போட்டார், தோத்தார்.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரு ஸ்பிரிங்கைக் கூட விடாம பார்த்து, அன்னிக்கே முடிவை மாத்தத் தெரிஞ்ச அமைப்பு அது.

இப்ப டான்வில் போவோம். வெண்டல் ஸ்காட், 1921 ஆகஸ்ட் 29-ல் பிறந்தவர். கறுப்பினத்தவர். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துல வேலை பார்த்தார். டாக்ஸி ஓட்டினார், மெக்கானிக் வேலை பார்த்தார், கூடவே சாராயமும் கடத்தினார். 1952-ல் டான்வில்ல ரேஸ் நடத்தினவங்க, கூட்டம் சேர்க்கறதுக்காக ஒரு கறுப்பு டிரைவரைத் தேடினாங்க. போலீஸ்கிட்டயே கேட்டாங்க. போலீஸுக்கு இவரை நல்லாத் தெரியும், எத்தனை தடவை துரத்தியிருப்பாங்க! இப்படித்தான் அவர் ரேஸுக்குள்ள வந்தார்.

வேடிக்கைக்குக் கூப்பிட்டவங்க எதிர்பார்க்காதது, அவர் ஜெயிச்சது. 1959-ல் வர்ஜீனியா மாநில அளவுல ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவு சாம்பியன். 1961-ல் நாஸ்காரோட மேல்மட்டப் பிரிவுக்கு வந்தார். சில மைதானங்கள்ல உள்ளே விடலை. கூட்டத்துல இருந்து வசவு வந்தது. மத்த டீம்களுக்குக் கார் கம்பெனிகள் பணமும் புது பார்ட்ஸும் கொடுத்த காலம். இவருக்கு செகண்ட் ஹேண்ட் கார், மத்தவங்க கழட்டிப் போட்ட பார்ட்ஸ். மகன்கள்தான் பிட் க்ரூ, டயர் மாத்துறது முதல் எல்லாமே. காரோட பக்கத்துல மெக்கானிக் பெயர் எழுதற இடத்துல "மெக்கானிக்: நான்" என்று எழுதி வெச்சிருந்தார். அதுல கொஞ்சம் நக்கல் இருக்கு, நிறைய உண்மையும் இருக்கு.

1963 டிசம்பர் 1. ஃப்ளோரிடா மாநிலம், ஜாக்சன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று. ஸ்காட் ஓட்டினது 34-ம் நம்பர் 1962 மாடல் செவர்லே. நெட் ஜாரெட் என்ற சாம்பியன்கிட்ட இருந்து வாங்கின பழைய கார். கடைசி 25 சுற்று இருக்கும்போது, பழுதாகித் திணறிக்கிட்டிருந்த ரிச்சர்ட் பெட்டியோட காரைத் தாண்டி முன்னாடி போனார். 200 சுற்று முடிஞ்சது. கட்டம் போட்ட கொடி ஆடலை. ஓட்டிக்கிட்டே இருந்தார். கடைசியில பக் பேக்கர் என்பவரை வெற்றியாளர்னு அறிவிச்சு, கோப்பையையும் கொடுத்தாங்க.

அந்தக் காலத்துல சுற்றுகளை ஆளுங்கதான் கையால எண்ணி அட்டையில குறிப்பாங்க. மணிக்கணக்கா சரிபார்த்தாங்க. ஸ்காட் ரெண்டு சுற்று முன்னாடி இருந்தார்னு ஒத்துக்கிட்டாங்க. 200 சுற்று பந்தயத்துல மனுஷன் 202 சுற்று ஓட்டியிருக்கார்! அதுக்குள்ள கூட்டம் கலைஞ்சு போச்சு, கோப்பையும் பேக்கரோட போயிடுச்சு. எண்ணிக்கையில தவறுன்னு அதிகாரப்பூர்வமா காரணம் சொன்னாங்க. ஆனா அந்த ஊர்ல, அந்த வருஷத்துல, ஒரு கறுப்பர் மேடையில நிற்கிறதையும், வெற்றியாளருக்கு முத்தம் கொடுக்கிற வெள்ளைக்கார அழகுராணி பக்கத்துல நிற்கிறதையும் அவங்க விரும்பலைன்னு ஸ்காட் குடும்பம் கடைசி வரை சொல்லிச்சு.

நான் ஒரு சாஃப்ட்வேர் ஆள். எனக்கு இது எப்படித் தெரியுதுன்னா, லாக்ல சரியான விவரம் இருக்கு, டாஷ்போர்டுல மட்டும் தப்பான பெயர். டேட்டாவை யாரும் அழிக்கலை, ஆனா அதைப் பார்க்க வேண்டிய ஜனங்க பார்க்கலை. 1949-ல் ஒரு ஸ்பிரிங்குக்காக முடிவை மாத்தினவங்களுக்கு, 1963-ல் ரெண்டு சுற்று கண்ணுல படாம போச்சு.

சரி, இப்ப அந்த 34-ம் நம்பர் காரை மறுபடி உருவாக்கணும்னு வெச்சுக்குவோம். பழைய ஸ்டாக் கார்களை மீட்கிறவங்களுக்கு இது தெரிஞ்ச சிக்கல். ரேஸ் காரை யாரும் பொத்திப் பாதுகாக்க மாட்டாங்க. மோதினா தகரத்தை மாத்துவாங்க. எஞ்சினைக் கழட்டி இன்னொரு காருக்குப் போடுவாங்க. வேகம் போனதும் சின்ன மைதானத்துக்காரருக்கு வித்துடுவாங்க. அவர் வேற பெயிண்ட், வேற நம்பர் போடுவார். கடைசியில காயலான் கடை. அப்படித் தப்பிச்ச ஒரு கார் கிடைச்சா, பெயிண்டை அடுக்கு அடுக்கா மெல்லச் சுரண்டி, அடியில பழைய நம்பர் தெரியுதான்னு பார்ப்பாங்க. உள்ளே இருக்கிற இரும்புக் கூண்டோட வெல்டிங்கைப் பழைய போட்டோவோட ஒப்பிடுவாங்க.

ஸ்காட்டோட காரைச் சுரண்டினா அடியில ஜாரெட்டோட கார்தான் வரும்! அதோட 'ஒரிஜினல்' நிலையே செகண்ட் ஹேண்ட்தான். பளபளன்னு புது பார்ட்ஸ் போட்டு, குரோம் மின்ன ஒரு செவர்லேயைக் காட்டினா பார்க்க அழகா இருக்கும். ஆனா அது பொய். அப்படி ஒரு கார் அவர்கிட்ட இருந்ததே இல்லை. ஒட்டுப்போட்ட தகரமும் கையால எழுதின "மெக்கானிக்: நான்" வரியும்தான் அந்தக் காரோட வரலாறு.

1973-ல் கடன் வாங்கி ஒரு மெர்க்குரி கார் எடுத்தார். நல்ல காரோட ஒருமுறை மோதிப் பார்த்துடலாம்னு நினைச்சிருக்கணும். டல்லடேகா மைதானத்துல நடந்த பெரிய விபத்துல அந்தக் கார் நொறுங்கிப்போச்சு, அவருக்குப் பல எலும்புகள் முறிஞ்சது. அதோட ரேஸ் வாழ்க்கை கிட்டத்தட்ட முடிஞ்சது. மொத்தம் 495 பந்தயம், ஒரே ஒரு வெற்றி. 1990-ல் இறந்துபோனார். ஜாக்சன்வில் கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை.

குடும்பம் விடலை. அவங்க மீட்க நினைச்சது காரை விட அந்த ஒரு நாளை. 2010-ல் ஜாக்சன்வில் ரேஸ் வட்டாரத்துல இருந்து ஒரு மாதிரிக் கோப்பை கிடைச்சது. 2015-ல் நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேமில் ஸ்காட் பெயர் சேர்ந்தது. 2021 ஆகஸ்ட் 28-ம் தேதி, டேட்டோனா மைதானத்துல கூட்டத்துக்கு முன்னாடி, மகன் ஃபிராங்க்கும் குடும்பத்தாரும் நாஸ்காரோட கையால கோப்பையை வாங்கினாங்க. மறுநாள் விடிஞ்சா ஸ்காட்டுக்கு 100 வயசு. அதே வருஷம் அக்டோபர்ல பப்பா வாலஸ் டல்லடேகாவுல ஜெயிச்சார். ஸ்காட்டுக்கு அப்புறம் நாஸ்காரோட மேல்மட்டத்துல ஜெயிச்ச அடுத்த கறுப்பு டிரைவர் அவர்தான். நடுவுல கிட்டத்தட்ட 58 வருஷம்.

58 வருஷம் தாமதமா வந்த கோப்பைக்கு என்ன மதிப்புன்னு கேட்கலாம். அப்பாவுக்கு டயர் மாத்தின பையன்கள் வயசானவங்களா ஆகிட்டாங்க. அந்த மைதானமும் இல்லை, அந்தக் கூட்டமும் இல்லை. காரை எந்த நாளுக்கு வேணும்னாலும் திருப்பலாம், கைதட்டலைத் திருப்ப முடியாது. ஆனா அந்தக் குடும்பம் கேட்டது, நடந்ததை நடந்தபடி எல்லார் முன்னாடியும் சொல்லுங்கன்னுதான். அது நடந்தது.

போன வாரம் மெக்கானிக் அண்ணனுக்கு போன் பண்ணேன். எஞ்சின் வேலை பாருங்க, பிரேக் கேபிள் புதுசு போடுங்க, டயர் ரெண்டும் மாத்துங்க. டேங்க்கை மட்டும் தொடாதீங்கன்னேன். "அசிங்கமா இருக்குமே தம்பி"ன்னார். இருக்கட்டும்ணேன்னு சொல்லிட்டேன்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு வண்டியோ, தையல் மெஷினோ, ரேடியோவோ இருக்கும். அதைச் சரிபண்ணக் கொடுக்கறதுக்கு முன்னாடி, அதுல இருக்கிற ஒவ்வொரு கீறலும் எப்படி வந்ததுன்னு வீட்டுல பெரியவங்ககிட்ட ஒருதடவை கேட்டுடுங்க. கேட்டதை எனக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.