தாத்தா இல்லை, தூரத்துச் சொந்தம்

டிவியில் வெள்ளைச் சுறாவைப் பார்த்த என் பையன், "அப்பா, மெகலோடான் இதுக்குத் தாத்தாவா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் படித்துப் பார்த்தால்... தப்பு!

கதை பழசு. ஐரோப்பாவில் பாறைகளில் கிடைத்த முக்கோணக் கற்களை 'நாக்குக் கல்' என்றார்கள். விஷத்தை முறிக்கும் என்றும் நம்பினார்கள். 1666-இல் இத்தாலியில் லிவோர்னோ அருகே ஒரு பெரிய சுறா பிடிபட்டது. அதன் தலையை பிளாரன்ஸில் அறுத்து ஆராய்ந்த ஸ்டெனோ, அந்தக் கற்கள் பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று 1667-இல் எழுதினார்.

19-ஆம் நூற்றாண்டில் லூயி அகாசி, இவற்றில் மிகப் பெரிய பற்களுக்கு மெகலோடான், அதாவது 'பெரும்பல்', என்று பெயரிட்டார். ஓரத்தில் ரம்பம் போல இருந்ததால் வெள்ளைச் சுறாவின் இனத்திலேயே சேர்த்தார். எங்கள் வங்கி பாஷையில், கையெழுத்து ஜாடை ஒத்துப்போகிறதே என்று வேறொருவர் கணக்கில் வரவு வைத்த மாதிரி!

அந்த என்ட்ரி வெகுகாலம் நின்றது. பெரு நாட்டில் கிடைத்து 2012-இல் பெயரிடப்பட்ட ஒரு புதைபடிவத்தின் பற்கள், மாக்கோ சுறாவுக்கும் வெள்ளைச் சுறாவுக்கும் நடுவில் இருக்கின்றன. ஆகவே வெள்ளைச் சுறா மாக்கோ வழி. மெகலோடான், அழிந்துபோன வேறொரு குடும்பம் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

பையனிடம் திருத்திச் சொன்னேன். "அப்போ மெகலோடானுக்கு வாரிசே இல்லையா?"

"இல்லைப்பா. சுமார் 36 லட்சம் வருஷத்துக்கு முன்னாடியே கணக்கு முடிஞ்சிடுச்சு."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால், என்னைப் போல அவசரப்பட்டு ஆமாம் போட்டுவிடாதீர்கள்!