தாய்லாந்திலிருந்து ஒத்தக்கடை வரை: ஒரு ஹார்ட் டிஸ்க்கின் பயணம்

மதுரையை அடுத்த ஒத்தக்கடை வீடுகளின் பீரோக்களில் நகைப்பெட்டிக்கும் பத்திரக்கட்டுக்கும் பக்கத்தில் இப்போது இன்னொன்றும் இருக்கிறது: உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். கல்யாணப் படங்களையும் வீடியோவையும் ஸ்டுடியோக்காரர் அதில்தான் ஏற்றித் தருகிறார். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருகில் திறக்கப்பட்ட பிறகு, வழக்கறிஞர்களின் ஆவணங்களும் ஸ்கேன் ஆகி அதற்குள் போகின்றன. வேளாண்மைக் கல்லூரி மாணவர்களின் ஆய்வுக் கணக்குகளும் அதில்தான்.

ஒரு நாள் அது திறக்காது. "டிஸ்க் போச்சு" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அது அவசர முடிவு. பல நாட்டுக் கைகள் பல கட்டங்களில் சேர்த்துப் பொருத்திய பொருள் அது. எந்த மூட்டில் பழுது என்று கண்டுபிடிக்க, அது வந்த வழி தெரிந்திருக்க வேண்டும்.

அதன் மூதாதை 1956இல் அமெரிக்காவின் சான் ஹோசேயில் ஐபிஎம் பொறியாளர்கள் உருவாக்கிய ராமாக். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை. கொள்ளளவு வெறும் 50 லட்சம் எழுத்துகள். இன்றைய ஒரு டெராபைட் டிஸ்க் அதைப்போல் இரண்டு லட்சம் மடங்கு கொள்கிறது. அவ்வளவு நெருக்கமாக எழுதியதைப் படிக்க மிக நுண்ணிய காந்த உணர்வு வேண்டும். அதற்கு வழிதிறந்த கண்டுபிடிப்பை 1988இல் பிரான்சின் ஆல்பெர்ட் ஃபெர்ட்டும் ஜெர்மனியின் பீட்டர் க்ரூன்பெர்க்கும் தனித்தனியே செய்தார்கள். 2007இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த அறிவெல்லாம் ஒரு பொருளாகத் திரண்டது தாய்லாந்தில். தட்டைச் சுழற்றும் மோட்டார், வாசிப்பு முனையை நகர்த்தும் நியோடிமியம் காந்தம், தட்டு, முனை எல்லாம் வெவ்வேறு ஆலைகளிலிருந்து வந்து, தூசு வடிகட்டிய அறையில் ஒன்றுசேர்கின்றன. தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும்போது முனை அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி அது.

இந்தத் தொழில் எவ்வளவு குறுகிய இடத்தில் குவிந்திருக்கிறது என்பதை 2011 அக்டோபர் காட்டியது. சாவோ பிரயா ஆற்று வெள்ளம் அயுத்தயா மாகாணத்தின் பாங் பா-இன் தொழிற்பேட்டைக்குள் புகுந்தது. டிஸ்க் தயாரிக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலை மூழ்கியது. அந்நிறுவனத்தின் உற்பத்தியில் சுமார் 60 சதவீதம் தாய்லாந்தில்தான் நடந்துகொண்டிருந்தது. மோட்டார் செய்யும் நிடெக் நிறுவனத்தின் ஆலைகளுக்கும் தண்ணீர் வந்ததால், நனையாத ஆலைகள்கூடப் பாகமின்றித் தவித்தன. சில வாரங்களில் உலகெங்கும் டிஸ்க் விலை எகிறியது. பல கடைகளில் இரட்டிப்பானது.

ஆலையிலிருந்து வெளிவரும் டிஸ்க் அப்படியே வீட்டுக் கணினியோடு பேசாது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் பெட்டிக்குள் இருக்கும் சிறு யுஎஸ்பி பலகை. 1996இல் முதல் வடிவம் கண்ட யுஎஸ்பியை இன்டெல்லில் முன்னின்று உருவாக்கியவர்களில் ஒருவர், குஜராத்தில் பிறந்த அஜய் பட். அந்தப் பலகை, அதில் செருகும் தட்டையான கேபிள், கணினியின் போர்ட், விண்டோஸ், கடைசியில் ஃபோல்டர். தட்டில் இருக்கும் ஒரு படம் திரைக்கு வர இத்தனை கைமாற வேண்டும். பழுதைத் தேடும்போது இதே வழியில் வெளி முனையிலிருந்து உள்ளே போக வேண்டும். வெளியே இருப்பவை விலை குறைந்தவை, எளிதில் மாற்றக்கூடியவை. உள்ளே போகப் போக ஆபத்து கூடுகிறது.

முதல் நிறுத்தம் கேபிள். அடிக்கடி செருகிப் பிடுங்குவதால் முதலில் தளர்வது அதுதான். வேறு கேபிள் இல்லையென்றால், பழைய ஆண்ட்ராய்டு போனின் மைக்ரோ யுஎஸ்பி டேட்டா கேபிளை டிஸ்க்கின் அகலமான துளையின் பெரிய பாதியில் செருகலாம். வேகம் குறையும், ஆனால் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்து மின்சாரம். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லியாம்பியர், 3.0 போர்ட் 900. தட்டு சுழலத் தொடங்கும் நொடியில்தான் டிஸ்க்குக்கு அதிக மின்சாரம் தேவை. சிபியூவின் முன்பக்க போர்ட் உள்ளே ஒரு நீண்ட ஒயர் வழியாக வருவதால் அங்கே தடுமாறும் டிஸ்க், மதர்போர்டிலேயே பதிந்த பின்பக்க போர்ட்டில் சரியாக ஓடிவிடுவதுண்டு. ஹப் நடுவில் இருந்தால் கழற்றிவிட வேண்டும்.

மூன்றாவது, விண்டோஸ். டிஸ்க் சுழல்கிறது, ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் இல்லை என்றால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே சரியான அளவோடு தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சில நேரம் டிரைவ் எழுத்து மட்டுமே விடுபட்டிருக்கும். புதிதாக ஓர் எழுத்து கொடுத்தால் போதும். "ரா" என்று காட்டினால் ஃபைல்களின் முகவரிப் பட்டியல் சிதைந்திருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ, கேபிளைப் பிடுங்கினாலோ இது நேரும். எக்ஸ்ஃபேட் அமைப்பில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு கிடையாது. அதனால் அதில் ஆபத்து கூடுதல்.

இந்த நேரத்தில்தான் விண்டோஸ் "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்கும். ஆம் என்று அழுத்தவே கூடாது. பெரும்பாலும் படங்கள் தட்டில் அப்படியே இருக்கின்றன, போய்ச் சேரும் வழிதான் அழிந்திருக்கிறது. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள்கள் பல நேரம் மீட்டுத் தரும். மீட்டதை வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும்.

நான்காவது நிறுத்தம் தட்டு. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவி டிஸ்க் தானே எழுதிவைத்த உடல்நலக் குறிப்பைக் காட்டும். அதில் 05 என்பது பழுதானதால் வேறிடம் மாற்றப்பட்ட பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். சி5 எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் கடைசிக் காலத்தில் இருக்கிறது. அப்போது விண்டோஸின் செக்டிஸ்க் சோதனையை ஓட்டி முழுத் தட்டையும் உழவைப்பது அதன் மிச்ச உயிரையும் குடித்துவிடும். முதல் வேலை நகல் எடுப்பது: ஈடு இல்லாதவை முதலில், சினிமாக்கள் கடைசியில். லினக்ஸ் தெரிந்தவர்கள் டிடிரெஸ்க்யூ மூலம் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பலாம்.

டிக், டிக் என்று ஒரே சீராக அடித்துக்கொண்டால் நிறுத்திவிட வேண்டும். பெரும்பாலும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தவிக்கும் ஓசை அது. வீட்டில் மூடியைத் திறப்பதும், தட்டிப் பார்ப்பதும், ஃபிரிட்ஜில் வைப்பதும் கெடுதலே செய்யும். சில நானோமீட்டர் இடைவெளிக்கு ஒரு தூசியே பாறை. அந்த வேலை தூசற்ற அறை உள்ள மீட்பு நிலையங்களுக்கு உரியது. செலவு கூடுதல், பலன் உறுதியில்லை.

ஒத்தக்கடை வெயிலும் கணக்கில் வர வேண்டும். பல எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளுக்கு உற்பத்தியாளர் குறிக்கும் சுற்றுப்புற வெப்ப எல்லை 35 டிகிரி. மதுரைக் கோடையில் 40ஐத் தொடும் மதியங்கள் உண்டு. நூறு ஜிபி நகல் எடுக்கும் வேலையை விடியற்காலைக்குத் தள்ளிவைப்பதும், டிஸ்க்கை மெத்தையில் வைக்காமல் மேசையில் வைப்பதும், ஓடும்போது நகர்த்தாமல் இருப்பதும் அதன் ஆயுளைக் காக்கும்.

செத்த டிஸ்க்கைக் குப்பையில் போடக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், பழைய சாதனங்கள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களிடம் போய்ச் சேர வழிசெய்கின்றன. காந்தத்தில் இருக்கும் அரிய உலோகம் வீணாகக் கூடாது.

பொருளின் பயணம் அங்கே முடிந்தாலும், அதற்குள் இருப்பதன் பயணம் முடிவதில்லை. இந்த வகை டிஸ்க்குகளுக்கு வழக்கமாகத் தரப்படும் உத்தரவாதம் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். இன்று எடுத்த கல்யாணப் படத்தைப் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டுமானால், அது பல டிஸ்க்குகளுக்கு வீடு மாறியாக வேண்டும். இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி, நகல் எடுத்து, இன்னொரு சொந்தக்காரர் வீட்டில் வைத்துவிடுங்கள். முதல் டிஸ்க் நன்றாக ஓடும்போதே அதைச் செய்துவிட்டால், "டிஸ்க் போச்சு" என்ற நாள் வந்தாலும் போவது சில ஆயிரம் ரூபாய் மட்டும்தான்.