மடத்தை விட்டு வெளிவந்த தியானம்

தியானம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் இளைஞருள் ஒரு சாரார் நகைக்கின்றனர். புலித்தோலும், மூடிய விழியும், பக்கத்திலே காணிக்கைத் தட்டும் அவர்தம் கண்முன் தோன்றுகின்றன. நகைப்பிலே நியாயம் உண்டு. மற்றொரு சாராரோ, "விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது" எனக் கூறித் தலைவணங்குகின்றனர். இரு சாராரையும் நாம் பர்மாவுக்கு அழைக்கின்றோம். இன்று மேலைநாட்டு மருத்துவமனைகளில் மனச்சோர்வுக்கும் உடல்வலிக்கும் கற்பிக்கப்படும் பயிற்சியின் வேர்களுள் முதன்மையான ஒன்று அங்கேதான் கிடக்கிறது.

1885 நவம்பரில் ஆங்கிலப் படை மாண்டலே நகருள் புகுந்தது. திபா மன்னன் கப்பலேற்றப்பட்டான். இரத்தினகிரியிலே காவலில் இருந்து 1916இல் மாண்டான். மன்னன் போனதும் பௌத்த மடங்களைப் புரந்த கை போயிற்று. புத்த நெறியே அழிந்துபடுமோ என்ற அச்சம் பரவிற்று. அந்த அச்சத்திலிருந்துதான் ஒரு புதுமை பிறந்தது. அதுவரை தியானம், காடு புகுந்த துறவியர் சிலரின் தனியுடைமை. உழுபவனுக்கும் நெய்பவளுக்கும் விதிக்கப்பட்டதெல்லாம் சோறிடுதலும் வணங்குதலுமே! லெடி சயாடோ (1846–1923) என்ற துறவி ஊரூராய்ச் சென்றார். மனத்தின் இயல்பை ஆராயும் அபிதம்மத்தை எளிய பர்மிய மொழியில் எழுதினார். இல்லறத்தார், மகளிர் உட்பட, கூடிப் படிக்கக் கழகங்கள் அமைத்தார். அவர் பகுத்தறிவாளர் அல்லர், மறுபிறவியை நம்பியவர், மதத்தைக் காக்கவே இதனைச் செய்தார். ஆயினும், மடத்தின் சாவி மக்கள் கைக்கு வந்துவிட்டது. வந்த சாவியை எவர் திருப்பித் தருவர்?

அவர்தம் மாணவர் சயா தெட்ஜி (1873–1945) ஓர் உழவர். 1903இல் வாந்திபேதி அவர் பெற்ற மக்களைக் கொண்டுபோயிற்று. அத்துயரமே அவரை இவ்வழியில் செலுத்திற்று. காவியுடுக்காத அந்த உழவரிடம் 1937இல் பயின்றவர் ஊ பா கின் என்ற அரசு அலுவலர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபோது தலைமைக் கணக்காயராய் அமர்ந்தவர். அலுவலகத்திலேயே தியானம் கற்பித்தவர். ஒற்றைத் தலைவலி தாளாமல் 1955இல் அவரிடம் வந்தவர், மாண்டலேயில் பிறந்த இந்திய வணிகர் கோயங்கா. 1969இல் இந்தியாவுக்கு அதனைக் கொண்டுவந்தார். துறவி, உழவர், கணக்காயர், வணிகர்! பிறப்பால் வந்த குருபீடம் இவ்வரிசையில் எங்கே?

இவர்கள் கற்பித்தது மந்திரமன்று. மூச்சைக் கவனி, உடலிலே தோன்றும் கூச்சத்தையும் வலியையும் கவனி, எண்ணம் வந்தால் வந்ததென அறி, எதுவும் நிலைக்கவில்லை என்பதைக் காண். இந்த ஓட்டத்தின் அடியிலே நிலையான ஆன்மா இல்லை என்பது புத்தர் கோட்பாடு. அமெரிக்க உளநூல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் மனத்தை நீரோட்டத்துக்கு ஒப்பிட்டார். அதனை விளக்க ஆன்மா என்றொரு பொருள் உளநூலுக்குத் தேவையில்லை எனவும் எழுதினார். ஒற்றுமை வியப்புக்குரியதே. ஆனால், இதனைக் காட்டி உளநூல் முழுவதும் அன்றே தெரியும் என முழங்குவோர், புட்பக விமானத்தைக் காட்டி வானூர்தி எமதே என்பாரின் உடன்பிறப்புகள்! கோட்பாடு வேறு, சோதனை வேறு.

சோதனை பின்னரே வந்தது. 1979இல் ஜான் கபட்-சின், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், மறுபிறவியையும் வழிபாட்டையும் விலக்கிவிட்டு, நாட்பட்ட நோயாளிகளுக்கு இப்பயிற்சியை அளித்தார். 2000இல் டீஸ்டேலும் அவர் துணைவரும், மனச்சோர்வு நோயிலிருந்து மீண்ட 145 பேரை வைத்துச் செய்த ஆய்வை வெளியிட்டனர். மும்முறையோ அதற்கு மேலோ நோயுற்றிருந்தோருள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 66 விழுக்காட்டினர் மீண்டும் வீழ்ந்தனர். பயிற்சியும் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினரே வீழ்ந்தனர். இருமுறை மட்டும் நோயுற்றோர்க்கோ பயன் காணப்படவில்லை. இந்தப் பிற்பகுதி முகாம்களின் விளம்பரத்தில் இடம்பெறுவது அரிது.

2014இல் 47 சோதனைகளை, 3,515 பேரை, ஒருங்கே வைத்து ஆராய்ந்தனர். பதற்றமும் சோர்வும் வலியும் ஓரளவு தணிவது மெய். மருந்தையோ உடற்பயிற்சியையோ விட இது மேலானது என்பதற்குச் சான்று கிட்டவில்லை. மாத்திரையை எறிந்துவிட்டுப் பத்து நாள் முகாமுக்குப் புறப்படும் தோழரை வழிமறித்து இதனைச் சொல்லியாக வேண்டும். 2017இல் வெளிவந்த ஆய்வையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தியானம் பழகியோரையே நேரிற்கண்டு வினவி, அவர்கள் பட்ட தொல்லைகளை அது பதிந்தது: அச்சம், உறக்கமின்மை, தான் என்ற உணர்வே சிதைந்து நிற்றல். அவருள் சிலரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது.